உங்க காருக்கு ரீகால் இருக்கா? மெசேஜ் வரலைன்னாலும் ஒருமுறை செக் பண்ணிடுங்க!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஊட்டி போறதா பேசி முடிச்சாச்சு. டேங்க் ஃபுல் பண்ணி, காத்து செக் பண்ணி, காரைக் கழுவியும் நிறுத்தியாச்சு. அப்போ போன்ல ஒரு மெசேஜ். ‘உங்கள் வாகனத்தின் ஒரு பாகத்தைப் பரிசோதிக்க வேண்டியுள்ளது. அருகிலுள்ள சர்வீஸ் சென்டரைத் தொடர்புகொள்ளவும். கட்டணம் இல்லை.’

உடனே நம்ம ஊர்ல ரெண்டு விதமான ரியாக்‌ஷன் வரும். ஒண்ணு, “ஏனுங்க, ஒன்பது லட்சம் குடுத்து ஓட்டை வண்டியைத் தலையில கட்டிட்டானுங்களா?” இன்னொண்ணு, “அட, சும்மா சர்வீஸுக்கு இழுக்கிறதுக்கு அனுப்புறாங்க. விடுங்க, அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்.”

ரெண்டுமே தப்பு. அதுலயும் ரெண்டாவது ஆபத்தானது.

ரீகால்னா கம்பெனி காரையே திரும்ப எடுத்துக்கும்னு பலர் நினைச்சுட்டு இருக்காங்க. பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட காலத்துல தயாரான வண்டிகள்ல, குறிப்பிட்ட ஒரு பாகத்துல குறை இருக்கலாம்னு சந்தேகம் வந்தா, அந்த வண்டிகளைக் கூப்பிட்டுப் பார்த்து, தேவைப்பட்டா பாகத்தை இலவசமா மாத்திக் கொடுப்பாங்க. எந்த வண்டியில எந்த லாட் பாகம் போச்சுன்னு தொழிற்சாலையில பதிவு இருக்கும். கோவையில ஆட்டோமொபைல் ஸ்பேர்ஸ் தொழிலில் இருக்கிற வாசகர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒரு லாட் ரிஜெக்ட் ஆனா என்ன பாடுபடணும்னு அவங்களுக்குத் தெரியும். ரீகால் என்பது அந்த ரிஜெக்‌ஷன் வாடிக்கையாளர் வீட்டு போர்ட்டிகோ வரைக்கும் வர்றதுதான்.

ஆனா எல்லா ரீகாலும் ஒரே ரகம் இல்லை. மெசேஜ் வந்ததும் முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான்.

2025 நவம்பர்ல மாருதி சுஸூகி 39,506 கிராண்ட் விட்டாரா கார்களைத் திரும்ப அழைச்சது. ஸ்பீடோமீட்டர்ல இருக்கிற ஃப்யூயல் முள்ளும் அதோட எச்சரிக்கை விளக்கும் பெட்ரோல் அளவைச் சரியா காட்டாம போகலாம்கிறது பிரச்னை. தொல்லைதான். ஆனா அன்னிக்கே வண்டியை நிறுத்த வேண்டிய அளவுக்கு இல்லை. கணக்கு வெச்சு பெட்ரோல் போட்டுக்கிட்டு, கையோட அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போய்க்கலாம்.

2023 ஜனவரியில வந்தது வேற ரகம். ஆல்டோ கே10, எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா மாடல்கள்ல மொத்தம் 17,362 கார்கள். 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரானவை. ஏர்பேக் கன்ட்ரோலர்ல சந்தேகம். இந்தச் சின்னப் பெட்டிதான் மோதின கண நேரத்துல ‘இப்போ ஏர்பேக்கை விரி, சீட் பெல்ட்டை இழுத்துப் பிடி’ன்னு கட்டளை கொடுக்கிறது. அது வேலை செய்யலைன்னா, அபூர்வமா சில நேரங்கள்ல, விபத்துல ஏர்பேக்கும் விரியாது, பெல்ட்டும் இறுகாது. பாகத்தை மாத்துற வரைக்கும் அந்தக் கார்களை ஓட்டவே வேண்டாம்னு கம்பெனியே அறிவிச்சது. பார்க்கிறதுக்குப் புத்தம்புது கார். எந்தச் சத்தமும் இல்லை, எந்த இழுவையும் இல்லை. டேஷ்போர்டுல எச்சரிக்கை விளக்கு எரியலைங்கிறதை வெச்சு ‘நம்ம வண்டி நல்லாத்தான் இருக்கு’ன்னு முடிவு பண்ண முடியாத நிலைமை.

அதே வருஷம் ஜூலைல எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599. இந்தத் தடவை ஸ்டீயரிங் டை ராடுல ஒரு பகுதி. அபூர்வமா உடையலாம், உடைஞ்சா ஸ்டீயரிங் கட்டுப்பாடு பாதிக்கலாம்னு சொன்னாங்க. சமவெளியில ஓட்டுறவங்களுக்கு இது ஒரு செய்தி. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியில இருந்து திம்பத்துக்கு 27 வளைவு ஏறுறவங்களுக்கு? நம்ம பக்கம் ஈகோவை யாரெல்லாம் ஓட்டுறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்கூல் பிள்ளைகளை ஏத்திட்டுப் போறவங்க, கேட்டரிங்காரங்க, மலைக்குக் காய்கறி லோடு அடிக்கிறவங்க. வண்டி ஒரு நாள் நின்னா வருமானம் நிக்கிறவங்க. ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’னு அதிகமா தள்ளிப்போடுறதும் அவங்கதான். மத்தவங்களைவிட அதிக கிலோமீட்டர் ஓட்டுறதும் அவங்கதான்.

இன்னொரு உதாரணம், கோவைக்காரங்களுக்காகவே வந்த மாதிரி இருக்கும். 2021 செப்டம்பர்ல சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-க்ராஸ், எக்ஸ்.எல்6 பெட்ரோல் கார்கள்ல மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைப் பரிசோதிக்க மாருதி கூப்பிட்டது. மொத்தம் 1,81,754 வண்டிகள். பாகம் மாத்துற வேலை நவம்பர்லதான் ஆரம்பிக்கும்னு சொல்லி, அதுவரைக்கும் தண்ணி தேங்கின இடங்கள்ல ஓட்டாதீங்க, எலெக்ட்ரிக்கல் பாகங்கள் மேல நேரடியா தண்ணி பீய்ச்சாதீங்கன்னும் ஒரு வரி சேர்த்திருந்தாங்க. வடகிழக்குப் பருவமழை நேரத்துல லங்கா கார்னர், கிக்கானி ஸ்கூல் பாலம், அவிநாசி ரோடு மேம்பாலத்துக்குக் கீழேன்னு தண்ணி நிக்கிற ஊர்ல, அந்த ஒரு வரியைப் படிக்காம விட்டவங்க எத்தனை பேரோ. ரீகால் அறிவிப்புல எண்ணிக்கையை எல்லாரும் படிக்கிறாங்க. ‘அதுவரை என்ன செய்யக்கூடாது’ங்கிற வரியைத்தான் தேடிப் படிக்கணும்.

சரி, நம்ம கார் லிஸ்ட்ல இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? மெசேஜ்ல வர்ற லிங்க்கை அழுத்தாதீங்க, அது யார் அனுப்பினதுன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியாது. ஆர்.சி-யை எடுங்க. 17 இலக்கச் சேஸிஸ் நம்பர் இருக்கும். மாருதின்னா MA3-ன்னு ஆரம்பிக்கும் எழுத்துகள், ஹூண்டாய்னா MAL, இப்படி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒண்ணு. கம்பெனியோட சொந்த வெப்சைட்டுக்குப் போய் அந்த நம்பரைப் போட்டா, உங்க வண்டி ரீகால்ல இருக்கா இல்லையான்னு சொல்லிடும். ஆர்.சி-யில சில எண்கள் மறைஞ்சிருந்தா, இன்ஷூரன்ஸ் பேப்பர்ல பாருங்க, இல்லைன்னா வண்டியிலயே பொறிச்சிருக்கும். ரீகால் வேலைக்கு யாராவது பணம் கேட்டா, ஓ.டி.பி கேட்டா, போனை வெச்சிடுங்க.

இங்க பலர் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. அறிவிப்புல வர்ற தேதி, வண்டி தயாரான தேதி. நீங்க வாங்கின தேதி இல்லை. ‘நான் மார்ச்லதானே டெலிவரி எடுத்தேன், இது ஜனவரி வண்டிக்குத்தானே’ன்னு விட்டுடாதீங்க. மார்ச்ல எடுத்த கார் டிசம்பர்ல தயாரானதா இருக்கலாம். தயாரிப்பு மாதம் ஆர்.சி-யிலயே இருக்கும்.

சர்வீஸ் சென்டர் போனா, ஜாப் கார்டுல ரீகால் வேலைன்னு தெளிவா எழுதச் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் பூஜ்ஜியம் ரூபாய் பில்லா இருந்தாலும் கேட்டு வாங்கி, ஆர்.சி-யோட வெச்சுக்கோங்க. அதே சமயம் ‘வந்தது வந்துட்டீங்க, வீல் அலைன்மென்ட், ஏ.சி க்ளீனிங்கும் பண்ணிடலாமுங்களா சார்?’னு கேட்பாங்க. தேவைன்னா பண்ணுங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஸ்பேர்ஸ் வரலை, பத்து நாள் ஆகும்னு சொன்னா, அதையும் எழுத்துல கேளுங்க. அதுவரை ஓட்டலாமா கூடாதான்னும் எழுத்துல கேளுங்க. ஓட்டக்கூடாதுன்னா மாற்று வண்டி கேளுங்க. கேட்காம எதுவும் கிடைக்காது.

இவ்வளவும் மெசேஜ் வர்றவங்களுக்கு. மெசேஜ் வராதவங்க கதைதான் பெருசு.

நம்ம ஊர்ல ஒரு காரோட வாழ்க்கை எப்படி? ஒருத்தர் கோவையில புதுசா எடுப்பார். வாரன்டி இருக்கிற வரைக்கும் கம்பெனி சர்வீஸ். அப்புறம் ‘நம்ம மெக்கானிக்’. ஆறாவது வருஷம் கன்சல்ட்டிங்காரர் மூலமா திருப்பூர்ல ஒருத்தர் வாங்குவார். அங்கிருந்து தாராபுரம், கோபின்னு போகும். கம்பெனி கம்ப்யூட்டர்ல மட்டும் முதல் ஓனரோட பழைய போன் நம்பரே உட்கார்ந்திருக்கும். ரீகால் மெசேஜ் அவருக்குப் போகும். ‘அந்தக் காரை வித்து நாலு வருஷமாச்சே’ன்னு அவர் டெலிட் பண்ணிடுவார். நம்ம மெக்கானிக் எவ்வளவு கைராசிக்காரரா இருந்தாலும் கம்பெனியோட ரீகால் லிஸ்ட் அவர் கையில வராது.

பழைய வண்டிக்கு எங்கே ரீகால் வரப்போகுதுன்னு நினைக்கவும் வேண்டாம். 2024 அக்டோபர்ல ஹோண்டா 92,672 கார்களுக்கு ஃப்யூயல் பம்ப் மாத்தித் தர்றதா அறிவிச்சது. பம்ப் பழுதானா என்ஜின் ஓட்டத்துல நிக்கலாம், இல்லை ஸ்டார்ட் ஆகாம போகலாம். இதுல பெரும்பாலானவை 2017 செப்டம்பர்ல இருந்து 2018 ஜூனுக்குள்ள தயாரானவை. அதாவது ஆறு, ஏழு வயசு கார்கள். இதுல எத்தனை கார் இன்னமும் முதல் ஓனர்கிட்ட இருக்கும்?

வயசாக ஆகத்தான் ஆபத்தே வரும் குறைகளும் உண்டு. ஜப்பானைச் சேர்ந்த டக்காட்டா கம்பெனியோட ஏர்பேக் கதை அதுதான். ஏர்பேக்கை விரிக்கிற வாயுவுக்கு அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தினாங்க. வருஷக்கணக்கா வெயிலும் ஈரப்பதமும் பட்டுப்பட்டு அந்த ரசாயனம் கெட்டு, விரிய வேண்டிய நேரத்துல வெடிச்சு, உலோகத் துண்டுகளை ஓட்டுறவங்க மேலயே வீசிச்சு. அமெரிக்காவுல மட்டும் 20 பேருக்கு மேல உயிரிழந்தாங்க. 2017-ல டக்காட்டா திவாலாச்சு. இந்தியாவுலயும் ஹோண்டா பழைய சிட்டி, ஜாஸ், அக்கார்டு கார்களைப் பல சுற்றுகளா கூப்பிட்டு மாத்திக் கொடுத்தது. வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊர்கள்ல ஆபத்து அதிகம்னு சொல்லப்பட்ட குறை இது. தமிழ்நாட்டுல செகண்ட் ஹேண்ட்ல பழைய சிட்டி வாங்கி ஆசையா வெச்சிருக்கிறவங்க இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிங்க.

சட்டம் என்ன சொல்லுது? 2019-ல திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தோட 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லிக் கம்பெனிக்கு உத்தரவிடுற அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்குது. அதுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி, 2012-ல இருந்து கார் தயாரிப்பாளர் சங்கமான சியாம் தானே வெச்சுக்கிட்ட நடைமுறை மட்டும்தான் இருந்துச்சு. இப்போ வாஹன் போர்ட்டல்ல குறையைப் பத்தி ஓனர் நேரடியா புகார் பதியலாம். ஒரு மாடலுக்கு, அதோட விற்பனையைப் பொறுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில புகார் சேர்ந்தா விசாரணை தொடங்கும். அதனால அந்த மாடல் ஓனர்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல நீங்க எவ்வளவு திட்டினாலும் கணக்குல வராது. போர்ட்டல்ல பதிஞ்சாதான் ஒண்ணுன்னு எண்ணுவாங்க.

எனக்கு இந்த விதிகள்ல ரெண்டு இடம் உறுத்துது. முதலாவது, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இது பொருந்தும். ஆனா சொந்தக் காருக்கு ஆர்.சி கொடுக்கிறதே 15 வருஷத்துக்கு! எட்டாவது வருஷத்துல இருந்து பதினஞ்சாவது வருஷம் வரைக்கும் வரி கட்டிய அதே வண்டி அதே ரோட்டுல ஓடலாம், ஆனா அதுக்குக் கட்டாய ரீகால் கிடையாது, கம்பெனி மனசு வெச்சாதான் உண்டு. டக்காட்டா மாதிரி ஒரு குறை ஏழு வருஷம் கழிச்சு வெளிவந்தா?

ரெண்டாவது, அபராதம். தானா முன்வராத கம்பெனிக்கு 10 லட்சத்துல இருந்து அதிகபட்சம் 1 கோடி ரூபாய். கேட்க பெருசா இருக்கும். ஒரு லட்சம் கார்ல குறைன்னு வெச்சுக்கோங்க, ஒரு காருக்கு 100 ரூபாய்தான் வருது. ரேஸ்கோர்ஸ்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்து ரெண்டு பேர் காபி குடிச்சா அதுக்கு மேல ஆகும். பாகம் மாத்துற செலவும் கம்பெனி தலையிலதான் விழும், இல்லைன்னு சொல்லலை. ஆனா மறைச்சதுக்கான தண்டனை அந்த நூறு ரூபாய்தான்.

அமெரிக்காவுல 2016-ல இருந்து ஒரு சட்டம் இருக்கு. ரீகால் வேலை முடியாத காரைப் பெரிய வாடகைக் கம்பெனிகள் வாடகைக்கு விடக்கூடாது. நம்ம கோவையில செல்ஃப் டிரைவ் எடுத்துட்டு மலையேறுற கூட்டத்தை நினைச்சா, இங்கயும் அப்படி ஒண்ணு வேணும்னு தோணுது. செகண்ட் ஹேண்ட் கார் பேர் மாத்தும்போதே, ரீகால் பாக்கி இருக்கான்னு ஆர்.டி.ஓ ஆபீஸ் கம்ப்யூட்டர் காட்டினா இன்னும் நல்லது. வங்கிக் கடன் பாக்கி இருந்தா காட்டுதே!

ரீகாலே வராம, குறையால நஷ்டம் வந்தா? நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொல்லுச்சு. விபத்துல ஏர்பேக் விரியாத ஒரு ஹூண்டாய் கிரெட்டா வழக்கு. காரையே மாத்திக் கொடுக்கணும், 3 லட்சம் இழப்பீடும் கொடுக்கணும்ங்கிற உத்தரவை நீதிமன்றம் உறுதி பண்ணுச்சு. ‘மோதின விசை போதலை’ங்கிற மாதிரி வாதத்துக்கு, வேகத்தையும் விசையையும் வெச்சுக் கணக்குப் போட நுகர்வோர் இயற்பியல் நிபுணரா இருக்கணும்னு எதிர்பார்க்க முடியாதுங்கிறதுதான் பதில். 50 லட்சம் வரைக்கும் விலை கொடுத்து வாங்கினதுக்கு மாவட்ட ஆணையத்துலயே வழக்குப் போடலாம், கோவையிலயே இருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். முதல் கட்டமா 1915-க்குப் போன் பண்ணுங்க. அங்கயும் கேட்கப்போறது உங்க ஜாப் கார்டும் எழுத்துல வாங்கின பதிலும்தான்.

எங்க வீட்ல இருக்கிறதும் செகண்ட் ஹேண்ட் கார்தான். இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ரீகால் எதுவும் இல்லை. இருந்தாலும் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, “எங்க வண்டிக்கு யார் நம்பர் இருக்குதுங்க?”ன்னு கேட்டேன். கரூர்ல இருக்கிற முதல் ஓனரோட நம்பரைச் சொன்னாங்க. ஆர்.சி காப்பியை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லி, அஞ்சு நிமிஷத்துல என் நம்பரை மாத்திட்டாங்க. “இனிமே மெசேஜ் உங்களுக்கே வந்துடுங்ணா” என்றார் அந்தத் தம்பி. காரை வாங்கி மூணு வருஷம் ஆகுது.