திராட்சைக் கொடிக்கும் ஆர்டி-பிசிஆர் டெஸ்ட்: ஏன் தெரியுமா?

லாஸ்பேட்டை பழக்கடையில் கருப்பு திராட்சை வாங்குறீங்களா? அந்தக் கொடியையும் வைரஸ் தாக்கும். பெயர், இலைச்சுருள் வைரஸ். சாப்பிடுபவர்களுக்கு ஆபத்தில்லை, அடி விவசாயிக்குத்தான்.

கருப்பு ரகங்களில் இலை சிவந்து, ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். நரம்பு மட்டும் பச்சையாகவே இருக்கும். பழம் தாமதமாகப் பழுக்கும், இனிப்பும் குறையும். சத்துக்குறைவு என்று நினைத்து உரம் போட்டால் காசுதான் வீண்.

மருந்து கிடையாது. பக்கத்துக் கொடிக்குப் பரப்புவது மாவுப்பூச்சி. ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது நாம்தான், வெட்டி நடும் குச்சி வழியாக!

டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2012-ல் இதன் 3-ம் வகையின் மரபணுவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். கொரோனா மாதிரியே இதுவும் ஆர்என்ஏ வைரஸ், டெஸ்ட்டும் அதே ஆர்டி-பிசிஆர். ஆனால் மரபணு கொஞ்சம் மாறினாலும் டெஸ்ட் கோட்டைவிடலாம். அதனால்தான் நம்மூர் வைரஸின் மரபணு தெரிய வேண்டும். குச்சி வெட்டும் முன்பே தாய்க்கொடிக்கு டெஸ்ட் எடுக்கணும். நட்டபிறகு தெரிந்தால், பிடுங்கி எறிவதுதான் வழி.