அறுந்த வலைகளை நாம் எண்ணவில்லை

கச்சத்தீவு என்றால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. 285 ஏக்கர், 1974 ஒப்பந்தம், தாரைவார்த்தது யார் என்ற வழக்கு, எல்லாம் மனப்பாடம். இலங்கையின் முல்லைத்தீவிலும் வடமராட்சியிலும் நம் விசைப்படகுகள் அறுத்துக்கொண்டு போன வலைகளைப் பற்றி மட்டும் நமக்குப் பேச்சு எழுந்ததில்லை. எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் மேடைக்குக் கீழே கைதட்டுகிறவர்களும் சேர்ந்தே காட்டிய அலட்சியம் இது.

இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைச் சுட்டிருக்கிறது, அடித்திருக்கிறது, படகுகளைப் பறித்துக் கரையில் மக்கவிட்டிருக்கிறது. அதை எழுதியதில் பிழையில்லை. அதை மட்டுமே எழுதினோம். போர்க்காலத்தில் இலங்கையின் வடக்கு மீனவர்கள் கடலில் இறங்கத் தடை இருந்தது. ஆளில்லாத அந்தக் கடலில் நம் படகுகள் பழகிவிட்டன. 2009-இல் போர் முடிந்த பிறகு அவர்கள் கடனை வாங்கி ஃபைபர் படகும் வலையுமாகத் தொழிலுக்குத் திரும்பினார்கள். ராத்திரி விரித்த வலையை ராமேஸ்வரம், நாகைப் படகுகளின் இழுவைமடி வாரிக்கொண்டு போனது. அள்ளியவரும் தமிழர், இழந்தவரும் தமிழர். நடுவில் திட்டுவதற்கு ஒரு சிங்களவர் இல்லாததால் அது நமக்குச் செய்தியாகப் படவில்லை போலும். இதை எதிர்த்து 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை அவர்கள் படகிலேயே பேரணி போனார்கள். தொப்புள்கொடி உறவு என்று நாம் சொல்வது அவர்களைத்தான்.

இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடுத்ததைக் கொழும்பின் வஞ்சம் என்று பேசினோம். அது அன்றைய யாழ்ப்பாணத்து நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் மசோதா. இறாலுக்காகக் கடலடியைச் சுரண்டும் அந்த மடி நம் கரையின் நாட்டுப்படகுக்காரர் பிழைப்பையும்தான் கெடுக்கிறது. சிறைக்குப் போவது பெரும்பாலும் படகில் கூலிக்குப் போனவர். முதலாளி யார் என்று நாம் விசாரிப்பதில்லை.

வழி இல்லாமல் போகவில்லை. 2014-இல் இருகரை மீனவர்களும் சென்னையிலும் கொழும்பிலும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். 2016-இல் இரு நாட்டு அமைச்சர்களும் டெல்லியில் கூடிக் கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். 2017-இல் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டில் ஆழ்கடல் தொழிலுக்கு மாற்றும் திட்டம் வந்தது. மூன்றாண்டு முடிந்தபோது எத்தனை படகு மாறியது என்று கேட்க வேண்டியவர்கள் நாம். கேட்கவில்லை, தேர்தலுக்குத் தேர்தல் தீவைக் கேட்டோம்.

2024 தேர்தல் நேரத்தில் பிரதமர் கச்சத்தீவுப் பேச்சை எடுத்தார். 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீவை மீட்கக் கோரித் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க அந்தத் தீவிலேயே போய் இறங்கினார். இரு கரையிலும் கொடி உயர உயர, பேச்சுமேசை காலியாயிற்று. தீவு நாளைக்கே கைக்கு வந்தாலும் நெடுந்தீவுக் கடலில் மடி இழுக்கும் உரிமை அதோடு சேர்ந்து வராது. ராமேஸ்வரம் துறைமுகத்தில் நின்று இதைச் சொல்ல நம்மில் அநேகருக்குத் துணிவு வரவில்லை.