நங்கூரம் போட்டவன் எல்லாம் சோம்பேறியா?

மக்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்றைக்குக் கொஞ்சம் காரம் தூக்கல்.

பாய்மரப் படகில் நங்கூரம் போட்டு, அதிலேயே குடியிருந்து வேலையும் பார்ப்பவர்களைப் பற்றி நம்மாட்களிடம் இரண்டே கருத்துதான். ஒன்று: "கொடுத்து வெச்சவன்யா! காலைல காபி, மத்தியானம் லேப்டாப், சாயங்காலம் கடலுக்கு நடுவுல சூரிய அஸ்தமனம்!" இரண்டு: "வாடகை கொடுக்க வக்கில்லாம ஓசித் தண்ணில கெடக்கிற சோம்பேறி." இந்த இரண்டையும் ஒரே ஆள் வாயால் கேட்டிருக்கிறேன். முதலாவது, வெள்ளை வெளேரென்ற 50 அடிப் படகின் வீடியோவைப் பார்த்து. இரண்டாவது, பெயிண்ட் உரிந்த 28 அடிப் பழைய படகின் போட்டோவைப் பார்த்து. ரெண்டும் அதே கடல், அதே நங்கூரம்தான். மாறியது படகின் விலை மட்டும். காசுள்ளவன் சும்மா இருந்தால் ஓய்வு, காசில்லாதவன் சும்மா இருந்தால் சோம்பல். என்ன அகராதி சாமி இது?

சரி, உண்மையிலேயே சும்மாதான் இருக்கிறார்களா? நங்கூரத்தை தொபுக்கடீர் என்று போட்டுவிட்டுத் தூங்க முடியாது. தண்ணீரின் ஆழத்தோடு படகு முகப்பின் உயரத்தையும் கூட்டி, அதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளத்துக்குச் சங்கிலி விட வேண்டும். கணக்குப் போடும்போது ஓதம் ஏறும் உயரத்தையும் சேர்க்க வேண்டும். குறைத்து விட்டால் காற்று பலக்கும்போது நங்கூரம் பிடுங்கிக்கொண்டு படகு நகரும். பக்கத்துப் படகிலோ பாறையிலோ போய் மோதும். அதனால் புயல் ராத்திரியில் அரைத் தூக்கம்தான். குடிதண்ணீரைக் கேனில் பிடித்து, சின்னத் துடுப்புப் படகில் வைத்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். மேகம் மூடினால் சோலார் பேனல் படுத்துவிடும், லேப்டாப்பும் கூடவே படுத்துவிடும். கழிவுத் தொட்டி நிரம்பினால் காலி பண்ண வேண்டும். அடிப்பாகத்தில் ஒட்டும் பாசியையும் சிப்பியையும் சுரண்ட வேண்டும். இதெல்லாம் போக மிச்ச நேரம்தான் அந்த வீடியோவில் வரும் சூரிய அஸ்தமனம்.

இப்போது மேட்டருக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே, சாசலிட்டோ என்ற ஊரை ஒட்டி ரிச்சர்ட்சன் பே என்று ஒரு ஆழமில்லாத விரிகுடா இருக்கிறது. அமெரிக்காவின் பணக்கார மாவட்டங்களில் ஒன்றான மரின் கவுண்டியில்தான். அங்கே பல பத்தாண்டுகளாகவே பழைய படகுகளில் ஆட்கள் நங்கூரமிட்டு வாழ்ந்து வந்தார்கள். ஒரு கட்டத்தில் 200க்கும் மேற்பட்ட படகுகள் நின்றன. 72 மணி நேரத்துக்கு மேல் அனுமதியில்லாமல் நிற்கக் கூடாது என்ற விதி ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு விழித்துக்கொண்டது. படகுகளைப் பிடித்து நொறுக்க ஆரம்பித்தார்கள். 2021ல் அந்த விரிகுடாவை நிர்வகிக்கும் அமைப்பும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாதுகாப்பு, மேம்பாட்டு ஆணையமும் ஒரு ஒப்பந்தம் போட்டன. அதன் சாரம்: 2026 அக்டோபருக்குள் குடியிருக்கும் படகுகள் எல்லாம் காலி.

காமெடி என்ன தெரியுமா? இதே சாசலிட்டோ தன் படகு வாழ்க்கையைக் காட்டித்தான் டூரிஸ்டுகளை இழுக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அங்கே கப்பல் கட்டும் தளம் ஓடியது. போர் முடிந்து அதை மூடியதும், மிஞ்சிய படகுகளிலும் தட்டுமுட்டுச் சாமான்களிலும் கலைஞர்களும் ஏழைகளும் வீடு கட்டிக்கொண்டார்கள். 1970களில் அவர்களைத் துரத்த அதிகாரிகள் வந்தபோது தண்ணீரிலேயே தகராறு நடந்தது. 'ஹவுஸ்போட் போர்' என்றே அதற்குப் பெயர். இன்றைக்கு? அனுமதி வாங்கி, துறையில் வரிசையாகக் கட்டிய மிதக்கும் வீடுகளில் பல பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை போகின்றன. அன்றைய ஆக்கிரமிப்பு இன்றைய போட்டோ ஸ்பாட். ஓட்டிஸ் ரெட்டிங் 1967ல் இங்கே ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் 'டாக் ஆஃப் தி பே' பாட்டை எழுதத் தொடங்கினார். அலையைப் பார்த்துக்கொண்டு வெட்டியாக உட்கார்ந்திருக்கும் ஒருவனின் பாட்டு! வெட்டியாக இருப்பவனைப் பற்றிய பாட்டு பெருமை, வெட்டியாக இருப்பவன் மட்டும் அவமானமா?

எதிர்க் கட்சிக்காரர்களின் பலமான வாதத்தையும் பார்த்துவிடுவோம். அந்த விரிகுடாவின் அடியில் ஈல்கிராஸ் என்ற கடற்புல் வளர்கிறது. குளிர்காலத்தில் ஹெர்ரிங் மீன்கள் அதில் முட்டையிடும், அதைத் தின்னப் பறவைகள் கூட்டமாக வரும். காற்றும் ஓதமும் மாற மாறப் படகு சுற்றும்போது, தரையில் கிடக்கும் சங்கிலி புல்லை வட்டமாக வழித்துவிடும். மேலிருந்து எடுத்த படங்களில் மொட்டைத் திட்டுகள் தெளிவாகத் தெரிகின்றன. இது பொய்யில்லை, நான் மறுக்கவும் இல்லை. புயலில் அறுத்துக்கொண்டு போய்க் கரையில் மோதிய படகுகளும், மூழ்கிய படகுகளும் உண்டு. அதைச் சுத்தம் செய்வது பொதுப்பணம்தான்.

ஆனால் புல்லை வழிப்பது சங்கிலி, மனுஷன் இல்லையே! சங்கிலி தரையைத் தொடாதபடி, இழுபடும் கயிறு வைத்த மூரிங் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோரட்டன் பேயில் கடற்புல்லைக் காப்பாற்றவே அதைப் போட்டார்கள். புல் இல்லாத இடமாகப் பார்த்து அப்படி மூரிங் போட்டு நிரந்தரமாகக் கொடுத்திருக்கலாம். மிதக்கத் தகுதியில்லாத படகை மட்டும் வெளியேற்றியிருக்கலாம். நியாயமாகச் சொன்னால், வாடகை உதவி பெற்றுக் கரையில் வீடு கிடைத்தவர்களும் உண்டு, அது நல்ல விஷயம். ஆனால் கரைக்கு வர விரும்பாதவனுக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமே இல்லை.

புல்தான் உண்மையான காரணம் என்று இன்னமும் நம்புகிறவர்கள் ஃபுளோரிடா பக்கம் கொஞ்சம் திரும்புங்கள். 2016ல் அந்த மாநிலம் மயாமி பீச்சின் தீவுகளுக்கு இடையே உள்ள சில நீர்ப்பகுதிகளில் இரவில் நங்கூரமிடத் தடை போட்டது. அதற்காக மல்லுக்கட்டியது மீனா, பறவையா? கரையோர பங்களாக்காரர்கள்! வீட்டுக்குப் பின்னால் யாரோ படகு கட்டி நிற்பது அவர்கள் கண்ணை உறுத்தியது. பங்களாவை வாங்கியபோது தண்ணீரையும் சேர்த்தா பத்திரம் பண்ணினார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விதி போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். கழிவைக் கடலில் விட்டால் அபராதம், படகு மிதக்கும் நிலையில் இருக்க வேண்டும், புல்லின் மேல் சங்கிலி கூடாது. இதை 50 அடிக்காரனுக்கும் 28 அடிக்காரனுக்கும் ஒரே மாதிரி போடுங்கள். அந்த விதியில் தேறியவன் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். அவன் பகல் முழுக்கக் கோடு எழுதுகிறானா, தூண்டில் போடுகிறானா, மல்லாந்து படுத்து மேகத்தைப் பார்க்கிறானா என்பது ஊருக்கு வேண்டாத வேலை.

"அப்போ எல்லாரும் இப்படிக் கிளம்பிட்டா?" என்று ஒருத்தர் கண்டிப்பாகக் கேட்பார். கிளம்ப மாட்டார்கள் சார். கேனில் தண்ணீர் தூக்கிப் பாருங்கள், தெரியும் :-)

டிஸ்கி: எனக்கு நீச்சல் தெரியாது, படகும் கிடையாது. அதனால் சொந்த லாபத்துக்காக எழுதினேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மற்ற திட்டுகள் வரவேற்கப்படுகின்றன.