கத்திரிக்காயில் அணுவா?

சென்ற மாதம் இதே பகுதியில் காய்கறி விலையைப் பற்றி எழுதினேன் அல்லவா? அப்போது போகிற போக்கில் ஒரு வாக்கியம் விழுந்துவிட்டது. "இப்போதெல்லாம் மார்க்கெட்டுக்கு வருவது அச்சில் வார்த்தாற்போல் பளபளக்கும் மரபணுக் கத்திரிக்காய், பாட்டி சமைத்த கத்திரிக்காயின் ருசி அதில் ஏது?" எழுதும்போது ஜோராகத்தான் இருந்தது. 'மரபணு' என்று போட்டால், இந்த ஆசாமிக்கு விஞ்ஞானமும் தெரியும்போல் இருக்கிறதே என்று நீங்கள் நினைப்பீர்கள் என்ற நப்பாசை வேறு!

பத்து நாள் கழித்து உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. "ஐயா, தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் கத்திரிக்காயை வாங்க யோசிக்கிறார்கள். நான் போட்டிருப்பது உரக்கடையில் ரசீதோடு வாங்கிய விதை. அதில் என்ன அணு இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டியது." அவ்வளவுதான்.

பதில் கார்டு எழுதித் தப்பித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. காஞ்சிபுரம் போய் அங்கே பஸ் மாறி உத்திரமேரூரில் இறங்கினேன்.

பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "நீங்கதானா தம்பி அது? வாங்க, உக்காருங்க" என்று திண்ணையைத் தட்டிவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் மோர் கொண்டுவரச் சொன்னார்.

அரை ஏக்கர் கத்திரி போட்டிருக்கிறார். தினம் ஒரு கூடை டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கடை அம்மாள் தொடர்கதைக்காக நம் பத்திரிகை வாங்குகிறவர். கதையை முடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினவர் கண்ணில் என் வாக்கியம் பட்டிருக்கிறது. மறுநாளே, "அந்த மரபணுக் காய் வேணாம் பெரியவரே, நாட்டுக் காய் இருந்தா கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார். உத்திரமேரூர் வரை நம்மைப் படிக்கிறார்கள் என்று பெருமைப்பட வேண்டிய சமயமா அது!

"ஒண்ணு கேக்கறேன் தம்பி. அணுன்னா கல்பாக்கத்துல இருக்குதே, அதுவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் விட்டது. கல்பாக்கத்தில் அணு மின்நிலையம் 1983 முதல் இயங்குகிறது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு 'அணு' என்றால் வேறு எது நினைவுக்கு வரும்? 1909-ல் டென்மார்க் தேசத்துத் தாவர விஞ்ஞானி ஜோஹன்சன் 'ஜீன்' என்று ஒரு சின்னப் பெயரை உண்டாக்கினார். நாம் அதை 'மரபணு' என்றோம். அணு என்றால் மிகச் சிறியது. 'அணுவளவும்' என்கிறோமே, அந்த அணு. அந்தப் பொருளில் குற்றமில்லை. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வரும் குறிப்பு அது. கண்ணின் நிறம், காயின் வடிவம் எல்லாம் அதில் அடக்கம். அது இல்லாத கத்திரிக்காய் உலகத்திலேயே கிடையாது. பாட்டி சமைத்ததிலும் மரபணு இருந்தது. ஆகையால் நான் எழுதிய 'மரபணுக் கத்திரிக்காய்' என்பது 'ஈரத் தண்ணீர்' என்பதைப் போன்ற ஒரு சொல்தான். ஆனால் 'ஈரத் தண்ணீர்' என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள்!

"அப்போ என் விதை இன்னா விதை?" என்று பெரியவர் விதைப் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். சாதாரண ஹைபிரிட். ஒரு ரகக் கத்திரியின் பூவில் இன்னொரு ரகக் கத்திரியின் மகரந்தத்தைச் சேர்த்து எடுத்த விதை. முதல் தலைமுறையில் செடியும் காயும் ஒரே சீராக வரும். அந்தக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் சீர் கெட்டுவிடும். திரும்பவும் கடைக்குத்தான் போக வேண்டும். விவசாய இலாகாவினர் இதற்கு 'வீரிய ஒட்டு' என்று நல்ல பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மாங்கன்றில் கிளையை வைத்துக் கட்டினாலும் ஒட்டு, இதுவும் ஒட்டு என்றால் குழப்பம்தானே? அதனால் கிராமத்தில் பாக்கெட்டில் வருவதெல்லாம் 'ஹைபிரிட்'. பட்டணத்தில் பளபளப்பதெல்லாம் 'மரபணு'.

நிஜமான மரபணு மாற்றம் எது? அதற்குக் காஞ்சிபுரத்துக்காரர்கள் ரசிக்கக்கூடிய ஒரு பூர்வகதை உண்டு. 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கூட்டமாகச் செத்து விழுந்தன. இஷிவாட்டா என்பவர் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். பிறகு ஜெர்மனியில் துரிஞ்ஜியா என்ற பிரதேசத்தில் அதே கிருமி அகப்பட, அந்த ஊரின் பெயரே அதற்கு நிலைத்தது. 'பி.டி.' என்ற இரண்டெழுத்தில் 'டி' அந்த ஊர்தான். அந்தக் கிருமி உண்டாக்கும் ஒரு புரதம் புழுவின் குடலைக் கெடுக்கும். அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை எடுத்துப் பருத்திக்குள் வைத்தார்கள். மகரந்தம் தடவி இது நடக்காது; கிருமிக்கும் பருத்திக்கும் ஏது சம்பந்தம்? சோதனைச்சாலையில்தான் நடக்கும். 2002-ல் நம் நாட்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. இன்று இங்கே விளையும் பருத்தியில் மிகப் பெரும்பகுதி அதுதான். அனுமதியோடு விவசாயிகள் பயிரிடும் மரபணு மாற்றப் பயிரும் அது ஒன்றுதான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் கண் மாட்டுத் தொழுவத்தின் பக்கம் போயிற்று. அங்கே ஒரு மூட்டை பருத்திக்கொட்டை! குற்றம் சாட்டப்பட்ட கத்திரிக்காயில் ஒன்றும் இல்லை. மாட்டுத் தீவனத்திலும், பெரியவரின் வேட்டியிலும், என் சட்டையிலும் அநேகமாக இருக்கிறது.

கத்திரிக்காயிலும் இதைச் செய்து பார்த்தார்கள், வாஸ்தவம். காய்ப்புழுவைத் தடுக்கும் பி.டி. கத்திரிக்கு 2009 அக்டோபரில் மத்திய சர்க்காரின் கமிட்டி சம்மதம் தந்தது. பெரிய வாதப் பிரதிவாதம் எழுந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் மந்திரி ஜெயராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கூட்டம் போட்டு ஜனங்களைக் கேட்டார். 2010 பிப்ரவரி 9-ந் தேதி நிறுத்தி வைத்தார். பக்கத்து பங்களாதேஷில் 2013-ல் அனுமதித்து, மறு வருஷமே விவசாயிகள் கைக்கு நாற்று போய்விட்டது. யார் செய்தது சரி என்ற வழக்கை நான் இங்கே நடத்தப் போவதில்லை. வழக்கு நடத்துகிறவர்கள் எந்தக் கத்திரிக்காயைக் கூண்டில் ஏற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டாவது நடத்த வேண்டாமா? நான் வேறொரு கத்திரிக்காயை அல்லவா ஏற்றிவிட்டேன்!

சர்க்காரும் வார்த்தை விஷயத்தில் என்னைவிட ரொம்ப மேல் என்று சொல்ல மாட்டேன். மரபணு மாற்ற உணவு அடங்கிய பொட்டலத்தின் முகப்பில் 'ஜி.எம்.' என்று போட வேண்டும் என ஒரு விதி 2013 ஜனவரியில் அமலுக்கு வந்தது. என் அத்தையிடம் கேட்டேன். "ஜெனரல் மானேஜர் கம்பெனி சாமானாடா?" என்றாள்.

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. 2025 மே மாதம் மத்திய சர்க்கார் இரண்டு புது நெல் ரகங்களை அறிவித்தது. அதில் 'கமலா' என்பது, நம் அரிசிக் கடைகளில் பி.பி.டி. என்று விற்கிறதே, அந்த சம்பா மசூரியிலிருந்து ஹைதராபாத்தில் உண்டாக்கியது. வேறு உயிரின் மரபணு எதுவும் அதில் இல்லை. நெல்லின் சொந்த மரபணுவிலேயே ஒரு சின்னத் திருத்தம். இந்த மாதிரித் திருத்தங்களுக்கு 2022-லேயே பழைய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். 'மாற்றம்' வேறு, 'திருத்தம்' வேறு என்று சட்டம் பிரிக்கிறது. அப்படிப் பிரித்தது சரியா என்று சண்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கட்சியானாலும் இரண்டுக்கும் ஒரே வார்த்தையைப் போட்டால் சண்டையே புரியாது.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைச் சாசனங்கள். முதல் சாசனத்தில் வாரியத்துக்கு நிற்கிறவர் வயது 30-லிருந்து 60. இரண்டே வருஷத்தில் அதை 35-லிருந்து 70 என்று மாற்றி, மறுபடியும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கல்லில் எழுதினவர்களே திருத்தம் போட்டிருக்கும்போது காகிதத்தில் எழுதுகிற எனக்கு என்ன கௌரவம்? ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று அன்று எழுதின 'வாரியம்' இன்று மின்சாரக் கட்டணச் சீட்டு வரை வந்துவிட்டது. யாருக்கும் அகராதி வேண்டியிருக்கவில்லை. 'மரபணு'வும் ஒரு நாள் அப்படி ஆகலாம். அதுவரை அந்த வார்த்தையை எழுதினால், எந்தப் பயிரில், எதிலிருந்து எடுத்த மரபணு என்பதையும் கூடவே எழுதுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். தெரியாவிட்டால் வெறும் கத்திரிக்காய் என்றே எழுதுவேன்.

பெரியவர் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேளாமல் ஒரு பை நிறையக் காய் கொடுத்தனுப்பினார். எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தோம். ருசியைப் பற்றி நான் எழுதியதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே, சென்ற மாதம் இந்தப் பகுதியில் 'மரபணுக் கத்திரிக்காய்' என்று இருந்ததை 'வீரிய ஒட்டுக் கத்திரிக்காய்' என்று திருத்தி வாசிக்கவும். உத்திரமேரூர்ச் சாப்பாட்டுக் கடை அம்மாள் தொடர்கதைக்குப் போகுமுன் இதை அவசியம் வாசிக்கவும்.