பழைய எழுத்துருவும் புதிய கணினியும்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வடசென்னையின் சிறு அச்சகங்கள் பழைய கணினிகளைக் கழித்துக்கட்டும் காலம் இது. அவற்றோடு கழிந்துபோவது இரும்பு மட்டுமன்று. ராயபுரத்துத் தேவாலயத் திருவிழா மலர்கள், எண்ணூர் மீனவர் சங்கத் துண்டறிக்கைகள், திருவொற்றியூர்த் தொழிற்சங்க அறிக்கைகள், சிற்றிதழ்கள் எனச் சென்ற தலைமுறையின் அச்சுத்தமிழில் பெரும்பகுதி பேஜ்மேக்கர் கோப்புகளாகவே கிடக்கிறது. அம்மென்பொருளின் இறுதிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அது யூனிகோடு அறியாதது.

சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாடு டாம், டாப் குறியீடுகளை முன்வைத்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். இடைப்பட்ட காலத்திலும் அதற்கு முன்பும் ஒவ்வொரு கடையிலும் ஓர் எழுத்துரு, அதற்கொரு விசைப்பலகைச் செயலி. இச்செயலிகள் பலவும் டிஎல்எல், ஓசிஎக்ஸ் என்னும் துணைக்கூறுகளை நம்பியிருப்பவை. அவற்றுள் ஓசிஎக்ஸ் போன்றவற்றை நகலெடுத்து வைத்தால் மட்டும் போதாது. ரெக்எஸ்விஆர்32 என்னும் ஆணையால் கணினியில் பதிவுசெய்யவும் வேண்டும். விஸ்டாவுக்குப் பின் அதற்கு நிர்வாகி அனுமதி தேவை. 64-பிட் விண்டோசில் 32-பிட் கூறுகளின் இடம் சிஸ்டம்32 அன்று, சிஸ்வவ்64. பெயர் நேர்மாறாக இருப்பதால் தடுமாறுவோர் பலர். 16-பிட் செயலிகளுக்கோ அங்கு இடமே இல்லை. விண்டோஸ் 11 வருவது 64-பிட்டில் மட்டுமே.

இவ்வளவு பாடு எதற்கு, மாற்றியைக்கொண்டு யூனிகோடாக்கிவிட்டுப் பழையதைத் தூக்கியெறியலாமே என்பார் உளர். நாம் உடன்படவில்லை. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழெழுத்து அமர்ந்திருக்கிறது. துறைமுகத் தொழிலாளர் அறிக்கையொன்றில் கப்பலின் பெயர் ஆங்கிலத்தில் வந்தால், எழுத்துருத் தகவலை இழந்த வெற்றுரையில் மாற்றி அதையும் தமிழாக்கிப் பொருளற்ற எழுத்துக் குவியலாக்கும். எது தமிழ், எது ஆங்கிலம் என்பதற்குச் சான்று, பழைய மென்பொருளில் திறந்து பார்க்கும் பக்கம் மட்டுமே.

இன்னொரு பிழைக்கு அச்சான்றும் போதாது. ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம். கௌரி, 'கெளரி' ஆகி இணையமெங்கும் உலவுவது இதனால்தான். சுவடிகளில் புள்ளியும் எகர ஏகார வேறுபாடும் இல்லாதபோது பதிப்பாசிரியர் பொருளறிந்து பாடம் கண்டார். இங்கும் அத்தகைய வாசகர் வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கை எளியது. பழைய கூறுகளைப் பதிவுசெய்து இயக்குவது, அவற்றிலேயே தொடர்ந்து பணியாற்றுவதற்காக அன்று. கோப்புகளை ஒருமுறை முழுமையாக வெளியே எடுப்பதற்காக. இணையத் தொடர்பற்ற ஒரு பழைய கணினியோ, புதியதனுள் ஒரு மெய்நிகர் கணினியோ போதும். முதலில் பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்குக. பிறகு உரையை யூனிகோடாக்குக. பின் இரண்டையும் ஒப்புநோக்கி மெய்ப்புப் பார்க்க. நிறுவல் வட்டையும் எழுத்துருவையும் கோப்புகளோடு சேர்த்தே வைக்க.

வடசென்னைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் இதை மாணவர்க்கு ஆய்வேட்டுப் பணியாகத் தரலாம். சுவடிப் பதிப்பு வரலாற்றைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர், ஓர் அச்சகத்தின் வன்தட்டைப் பதிப்பித்துப் பார்க்கட்டும். கடற்கரையின் உப்புக்காற்று வன்தட்டுகளுக்கு நெடுநாள் தவணை தருவதில்லை.