‘இந்தியாவில சாமான் மலிவு’ எண்டது பாதிக் கணக்கு

பலாலியிலிருந்து சென்னைக்குப் பிளேனும் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின பிறகு, எங்கட பளைப் பக்கமும் ஒரு கதை அடிக்கடி கேட்குது: “கலியாணச் சாமான் இந்தியாவில எடுத்தா மலிவு. எங்கட காசுக்குத்தான் பெறுமதி இல்லை.” சீலை விலையை மூன்றரையால பெருக்கிப் பார்த்துச் சொல்லுற கதை இது.

2025 நடுப்பகுதியில ஒரு இந்திய ரூபா ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபா. 2022 நெருக்கடிக்கு முதல் மூன்று ரூபாவும் இல்லை. ஆனா இங்க உழைச்சு இங்கயே செலவழிக்கிற ஆளுக்கு இந்த எண் பெரிசா ஒண்டும் சொல்லாது. அவருக்குரிய கேள்வி வேற: ஒரு நாள் கூலிக்கு என்ன வாங்கலாம்?

அடிமட்டக் கூலியை எடுப்பம். இலங்கையில 2025 ஏப்ரலிலிருந்து அந்த வருசம் முடியும் வரை சட்டப்படி நாளுக்கு 1,080 ரூபா. தமிழ்நாட்டில நூறு நாள் வேலைத் திட்டத்தில 2025-26க்கு 336 இந்திய ரூபா. மாத்தினா 1,175 ரூபா அளவு. மேசன் வேலைக்கோ தேங்காய் பறிக்கவோ போனா ரெண்டு பக்கமும் இதைவிடக் கூடக் கிடைக்கும். ஆனா ஆகக் கீழ நிக்கிற ஆளின்ர கூலி கிட்டத்தட்ட ஒண்டுதான்.

இனிக் கடைக்குப் போவம். 2025 நடுப்பகுதியில பெற்றோல் இங்க லீற்றர் 300 ரூபா அளவு, சென்னையில 101 இந்திய ரூபா அளவு. ரெண்டு இடத்திலயும் அப்போதைய நாள் கூலிக்கு மூன்று லீற்றர் சொச்சம்தான். அங்க எல்லாமே மலிவு எண்ட கதை இங்கயே உடையுது.

பாலில நிலைமை வேற. 2025இல ஆவின் நீலப் பைக்கற் லீற்றர் 40 இந்திய ரூபா. நாள் கூலிக்கு எட்டு லீற்றர். இங்க 400 கிராம் பால்மா அப்ப ஆயிரம் ரூபாவைத் தாண்டினது. நாள் கூலி முழுக்கக் குடுத்தாலும் ஒரு பைக்கற். கரைச்சா மூன்று லீற்றர் அளவு. நாட்டரிசிக்கு எங்கட அரசாங்கம் வைச்ச உச்ச விலை 2025இல கிலோ 230. அப்போதைய நாள் கூலிக்கு ஐஞ்சு கிலோகூட இல்லை. தமிழ்நாட்டில அரிசி அட்டை உள்ளவைக்கு 2011இலிருந்து ரேஷன் அரிசி இலவசம். பெண்களுக்கு 2021இலிருந்து சாதாரண நகரப் பஸ்ஸும் இலவசம்.

அப்ப வித்தியாசம் காசின்ர பெறுமதியில மட்டும் இல்லை. எந்தச் சாமானை ஏழைக்கு எட்டுற விலையில வைக்கிறது எண்டு அரசாங்கம் எடுக்கிற முடிவிலயும் இருக்கு. தென்னைக்குப் பேர்போன பளையில தேங்காய் பறிக்கிறவரும், 2025 தொடக்கத்தில 200 ரூபாவைத் தாண்டின அந்தத் தேங்காயைக் கடை விலைக்குத்தான் வாங்க வேண்டி வந்தது.

இது எங்களுக்குத் தெரியாத அரசியல் இல்லை. பங்கீட்டு அரிசியின்ர விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினதுக்காக 1953 ஓகஸ்ட் 12இல நாடே ஹர்த்தால் செய்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பிறகு 1979இல பங்கீட்டுக்குப் பதிலா உணவு முத்திரை வந்தது. முத்திரையில எழுதின தொகை அப்படியே நிக்க, சாமான் விலை மட்டும் ஏறிக்கொண்டு போனது.

இப்பவும் அதே ஆபத்துத்தான். 2026 ஜனவரியிலிருந்து நாள் கூலி 1,200 ரூபா எண்டு சட்டம் சொல்லுது. நல்லது. ஆனா அரிசி 230இலிருந்து 260 ஆனா, 1,200க்கு வாங்கிற அரிசி முந்தி 1,080க்கு வாங்கினதை விடக் குறைவு. அதனால, சம்பளம் கூட்டிப்போட்டம் எண்டு ஆர் மேடையில சொன்னாலும் எத்தனை ரூபா எண்டு கேட்டு நிப்பாட்டாதேங்கோ. எத்தனை கிலோ, எத்தனை லீற்றர் எண்டு கேளுங்கோ.