வில்லோசையில் எழுந்தருளும் தெய்வம்

நெல்லையப்பர் திருக்கோயிலுக்குச் சென்ற அன்பர்கள் மணிமண்டபத்து இசைத்தூண்களை மறந்திருக்கமாட்டார்கள். ஒரே கல்லில் வடித்தெடுத்த சிறு தூண்கள், தட்டினால் தனித்தனிச் சுரமாக ஒலிக்கின்றன. பொருநைக் கரையில் கல்லும் பாடும் என்பதற்கு அம்மண்டபம் சான்று. அதே ஆற்றின் கரையில் ஆழ்வார்திருநகரியில் அரையர் சேவை நிகழ்கிறது. பெருமாள் திருமுன் அரையர் பாசுரத்தை இசைத்து, அபிநயித்து, பொருள் விரிக்கிறார். அதனை யாரும் கச்சேரி என்று சொல்வதில்லை; ஆராதனை என்றே வணங்குகிறோம்.

இதே பள்ளத்தாக்கில், ஊர் எல்லையிலும் ஓடைக்கரையிலும் ஆலமரத்தடியிலும் எழுந்தருளியிருக்கும் சுடலைமாடனுக்கும், இசக்கியம்மனுக்கும், முத்தாரம்மனுக்கும் இத்தகைய இசை ஆராதனை ஒன்று உண்டு. அதுவே கொடை விழாவில் நிகழும் வில்லுப்பாட்டு. ஆகமக் கோயிலின் இசைக்கு நாம் தரும் மதிப்பை இந்த வில்லோசைக்கும் தருகின்றோமா என்பதே இவ்வாரம் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

கொடை என்னும் சொல்லே அழகானது. தெய்வத்துக்கு ஊரார் கொடுப்பதும் கொடை. தெய்வம் ஊருக்கு அருள்வதும் கொடை. நெல்லைச் சீமையில் இவ்விழா பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளிக்கிழமையில் அமையும். முன்கூட்டியே கால்நாட்டுவர். முதல்நாள் இரவு குடியழைப்பு. மறுநாள் உச்சிப்பொழுதில் மதியக்கொடை, நள்ளிரவில் சாமக்கொடை. இம்மூன்று வேளைகளையும் ஒன்றாகக் கோத்து நிற்பது இசையே.

மாலை மயங்கும் நேரத்தில் நையாண்டி மேளம் முழங்கத் தொடங்கும். நாகசுரமும் தவிலும் பம்பையும் சேர்ந்த அவ்வொலி, வயலில் நிற்பவரையும் வீட்டுத் திண்ணையில் இருப்பவரையும் கோயிலுக்கு அழைத்துவிடும். கரகம் தாங்கி ஆடுவோர் அதற்கேற்பச் சுழல்வர். சில கோயில்களில், சிறப்பாகச் சுடலைமாடன் கோயில்களில், கணியான் கூத்தும் உண்டு. அண்ணாவி கதை பாட, இருவர் மகுடம் என்னும் வட்டமான தோற்கருவியை முழக்குவர். ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். நெருப்பில் காட்டிச் சூடேற்றி அவற்றின் சுருதியைக் கூட்டுவர். பெண்வேடம் புனைந்த ஆடவர் இருவர் சலங்கை ஒலிக்க ஆடுவர். இக்கலையைப் பரம்பரையாகப் பேணி வருவோர் கணியான் குலத்தார்.

இவ்வளவுக்கும் நடுவே, பெரும்பாலும் தெய்வத்தின் சந்நிதியை நோக்கியே இருக்குமாறு, வில் வைக்கப்படுகிறது.

வைரம் பாய்ந்த பனையில் செய்து, தோலைத் திரித்து நாணேற்றிய நீண்ட வில் அது. அதில் மணிகள் தொங்கும். மண்குடத்தின் கழுத்தோடு வில்லின் நடுப்பகுதியைப் பொருத்திக் கட்டுவர். தலைமைப் புலவர் இரு கைகளிலும் வீசுகோல் பிடித்து நாணைத் தட்ட, மணிகள் குலுங்கும். குடத்துக்கு உரியவர் அதன் வாயில் பாளை மட்டையால் அடிக்க, அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல் ஓர் ஓசை பிறக்கும். உடுக்கை, தாளம், கட்டை ஆகியன உடன்சேரும். வேட்டைக்கும் போருக்கும் உரிய கருவி தெய்வத்தின் முன்னே இசைக்கருவியாகிவிடுகிறது. கொல்லும் வில்லைப் பாடும் வில்லாக்கிய நம் முன்னோரின் உள்ளத்தை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

வில்லுப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காப்பு, விநாயகரை வேண்டித் தொடங்குவது. அடுத்து வருபொருள் உரைத்தல். இன்று எக்கதை பாடப் போகிறோம் என்று அறிவிப்பது. பின்னர்க் குருவடி பணிதல். அதன்பின் அவையடக்கம். அடுத்து நாட்டு வளம். பொருநைக் கரைப் பாடகர் பொதிகையையும் ஆற்றையும் வயலையும் போற்றும் இடம் இது. அதன் பின்னரே கதைக்கூறு. நிறைவாக வாழிபாடுதல். தெய்வத்தை வாழ்த்தி, ஊரை வாழ்த்தி, கேட்டவரையும் வாழ்த்தி முடிப்பது. நம் புராணங்களும் காப்பியங்களும் கடவுள் வாழ்த்து, அவையடக்கம், நாட்டுச் சிறப்பு என்றுதானே தொடங்குகின்றன! ஏடு பயிலாத எளியோர் நடுவிலும் அவ்விலக்கணம் சிதையாமல் வாழ்ந்திருக்கிறது.

கதை என்பது இங்கே பொழுதுபோக்கு அன்று. தெய்வத்தின் பிறப்பையும் வாழ்வையும் அதன் முன்னிலையிலேயே எடுத்துரைப்பது. கயிலையில் விளக்கிலிருந்து தெறித்த பொறியைப் பார்வதி தேவி முந்தானையில் ஏந்த, அதிலிருந்து சுடலைமாடன் தோன்றிய வரலாற்றைப் புலவர் பாடுகிறார். குழந்தை நள்ளிரவில் மயானம் சென்றதையும், அதனால் கயிலையில் தங்க இயலாது பூவுலகு வந்ததையும், ஊர்க் காவல் ஏற்றதையும் படிப்படியாகச் சொல்கிறார். முதலில் நடை மெதுவாக இருக்கும். சாமம் நெருங்க நெருங்க வீசுகோலின் வேகம் கூடும், உடுக்கை துடிக்கும். தீபாராதனையும் கதையின் உச்சமும் ஒன்றாகக் கூடும் வேளையில் கோமரத்தாடியின் மீது அருள் இறங்குகிறது. தன் கதையைக் கேட்டே தெய்வம் எழுந்தருள்கிறது என்பது இம்மக்களின் நம்பிக்கை. பின்னர்த் தீப்பந்தம் ஏந்தி மாடன் வேட்டைக்குப் புறப்படுவார். ஊரே மூச்சடக்கி நிற்கும்.

கதையை இடையில் வெட்டினால் என்ன ஆகும் என்று இப்போது எண்ணிப் பாருங்கள். அர்ச்சனையில் பாதி நாமங்களை விட்டுவிடுவது போன்றதே அது.

ஆனால் இன்று பல ஊர்களில் அதுதான் நடக்கிறது. குடியழைப்பு இரவில் வில்லுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிறகு திரைப்பாடல் மெல்லிசைக்கு மேடையைத் தந்துவிடுகின்றனர். காப்பும் அவையடக்கமும் சுருங்குகின்றன. நாட்டு வளம் நான்கு அடியில் முடிகிறது. கதை பாதியில் நிற்க, வாழி மட்டும் அவசரமாக ஒலிக்கிறது. ஒலிபெருக்கியின் இரைச்சலில் குடத்தின் ஓசை கேட்பதேயில்லை. விழாக் குழுவினரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் எந்தப் புலவர் விடியும் வரை பாடுவார்?

முழுக்கதையும் ஏன் வேண்டும் என்பதற்கு முத்துப்பட்டன் கதையை விடச் சிறந்த சான்று இல்லை.

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில், பொருநை பாறைகளின் இடையே பாய்ந்து வரும் காட்டுப் பகுதியில் சொரிமுத்து அய்யனார் கோயில் அமைந்துள்ளது. ஆடி அமாவாசைக்கு அங்கே பெருந்திரள் கூடுவதை அறிவீர்கள். அக்கோயிலில் பட்டவராயனாக வழிபடப்பெறுபவரே முத்துப்பட்டன். அந்தண குலத்தில் பிறந்தவர். தமையன்மாரோடு பிணங்கி வெளியேறி, பொதிகை மலைச்சாரலில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரைக் கண்டு மணம்புரிய விரும்பினார். அவர்கள் சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்கள். "பூணூலைக் களைந்து, குடுமியை நீக்கி, எங்கள் தொழிலைக் கற்று, செருப்புத் தைத்து விற்று வந்தால் மகளிரைத் தருவேன்" என்கிறார் தந்தை. பட்டன் அவ்வாறே செய்தார். திருமணம் முடிந்த அன்றிரவே ஆநிரை கவர வந்தோரை எதிர்த்துப் போரிட்டு, மறைந்திருந்த ஒருவனால் குத்துண்டு மாண்டார். மனைவியர் இருவரும் அவரோடு தீப்புகுந்தனர்.

இக்கதையைப் பதிப்பித்த நாங்குநேரியைச் சேர்ந்த பேராசிரியர் நா. வானமாமலை, இதில் ஓர் இடைச்செருகலைச் சுட்டிக்காட்டினார். அச்சகோதரியர் உண்மையில் அந்தணர் மக்களே என்றும், காட்டில் விடப்பட்ட குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்றும் ஒரு பிறப்புக் கதை பின்னாளில் சேர்க்கப்பட்டது. சாதி கடந்த திருமணத்தை ஏற்க மனம் இசையாதவர்கள் கதையை மாற்றிவிட்டனர். மாற்றிப் பாடினால் கேட்பவருக்குச் சங்கடமில்லை. ஆனால் பட்டன் துறந்தது என்ன, ஏன் துறந்தார் என்பது மறைந்துபோகிறது.

கதையை மாற்றினாலும் வழிபாட்டை மாற்ற முடியவில்லை. இன்றும் பட்டவராயனுக்குப் பக்தர்கள் காணிக்கையாகச் செலுத்துவது தோல் செருப்பே! எந்தக் கோயிலில் செருப்பை வாயிலுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே செல்கிறோமோ, அதே கோயில் மரபில் ஒரு சந்நிதிக்குச் செருப்பு காணிக்கையாகிறது. கதை தெரியாத பேரப்பிள்ளைக்கு அது வேடிக்கை. கதை முழுவதும் கேட்டவருக்கு அதைக் காணுந்தோறும் கண் கலங்கும். அன்புக்காகக் குலப்பெருமையைக் களைந்தவரையும், பிறர் ஆநிரையைக் காக்க உயிர் ஈந்தவரையும் அந்தச் செருப்பு நினைவூட்டுகிறது. பாட்டு நின்றுபோனால் காணிக்கை பொருளற்ற சடங்காகிவிடும்.

வில்லிசை அழிந்துவிட்டது என்று கூற மாட்டேன். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதனை நாடறியச் செய்தார். நெல்லையை அடுத்த சத்திரப் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம், வானொலியிலும் மேடைகளிலும் அதை எடுத்துச் சென்றார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார். கொட்டாரம் பகுதியைச் சேர்ந்த பூங்கனி அம்மையார் சிறுமியாக இருந்தபோதே வில்லடிக்கத் தொடங்கி, ஆடவரே மிகுந்திருந்த இத்துறையில் புகழ்பெற்று, 2018இல் மறைந்தார். இவர்களால் உலகம் வில்லை அறிந்தது. ஆயினும் அரங்கத்தில் ஒலிக்கும் வில் அவையோருக்காக ஒலிக்கிறது. கொடையில் ஒலிக்கும் வில் தெய்வத்துக்காக ஒலிக்கிறது. முன்னது ஓங்கியிருக்கும்போதே பின்னது ஓய்ந்துவிட நாம் இடம் தரலாகாது.

அன்பர்களே, நம் வயதில் இரவு முழுதும் விழித்திருப்பது அரிது என்பதை அறிவேன். முழங்கால் நோகும், பனி ஒத்துக்கொள்ளாது. எனினும் நம்மால் இயன்றவை சில உண்டு.

கொடைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, படைப்பும் பிரசாதமும் பெற்றவுடன் திரும்பிவிடாமல், கதையின் பிறப்புப் பகுதி முடியும் வரையேனும் வில்லின் முன் அமருங்கள். முன்வரிசையில் நரைத்த தலைகள் நான்கு இருந்தால் புலவருக்கு ஊக்கம் பிறக்கும். விழாக் குழுவில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்குமானால், காப்பு முதல் வாழி வரை வில்லுக்கு முழுநேரம் கேளுங்கள்; மெல்லிசை வேண்டுவோருக்கு வேறு ஒரு நாளை ஒதுக்கலாம். பாடவந்தோருக்கு வேளைக்கு உணவும், படுக்க இடமும், வெற்றிலை பாக்கோடு நிறைவான சன்மானமும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். உங்கள் குலதெய்வத்தின் கதை எழுதிய ஏடோ பழைய நோட்டுப் புத்தகமோ வீட்டுப் பரணில் இருந்தால், செல்லரிக்கும் முன் படியெடுத்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொடைக்குப் புறப்படுமுன் பேரப்பிள்ளைகளை அருகில் இருத்தி, நம் சாமி யார், எப்படிப் பிறந்தார், எதற்காக மாண்டார், ஏன் தெய்வமானார் என்று சொல்லிவிடுங்கள். கதை தெரிந்த பிள்ளை வில்லோசை கேட்டதும் தானே வந்து அமரும். அடுத்து என்ன வரும் என்று உங்களைக் கேட்கும். நீங்கள் அறிந்ததையும் புலவர் பாடுவதையும் ஒப்பிட்டு, "தாத்தா, நீங்கள் சொன்னது வேறு மாதிரி இருந்ததே!" என்று வியக்கும். அந்த வியப்பில்தான் மரபு அடுத்த தலைமுறைக்குக் கை மாறுகிறது.

பொதிகையில் தோன்றி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலைச் சேர்கிறாள் பொருநை அன்னை. வழியிலுள்ள பெருங்கோயில்களுக்கும் பீடம் மட்டுமே உள்ள சிறு கோயில்களுக்கும் அவள் ஒரே நீரையே தருகிறாள். அவள் கரையில் தேவாரமும் திருவாய்மொழியும் போலவே வில்லோசையும் குறைவின்றி ஒலிக்கட்டும். கதை கேட்ட குலம் தழைக்கட்டும். கதை சொன்ன நா வாழட்டும்.